ஜேஎஸ்பி பக்கங்களை எங்கே கம்பைல் செய்வது? செட்டிநாட்டுச் சிறு சர்வர்களுக்கான ஓர் ஒப்பீடு

நகரக் கோயில் அலுவலகத்தின் புள்ளிப் பதிவேடு, விடுதி அறைப் பதிவு, கண்டாங்கிச் சேலைக் கடையின் இருப்புக் கணக்கு என்று செட்டிநாட்டு ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கும் சிறிய இணையச் செயலிகளில் சில, ஜாவாவில், எச்டிஎம்எல்லுக்குள் ஜாவா நிரலைக் கலந்து எழுதும் ஜேஎஸ்பி பக்கங்களாக எழுதப்பட்டவை. ஜாவா இணையச் செயலிகளை ஓட்டும் டாம்கேட் என்ற சர்வரில் இயங்குபவை. கணினி பழுதாகிப் புதியது வாங்கும்போதும், லினக்ஸின் அடுத்த பதிப்புக்கு மாறும்போதும் இவற்றைப் பராமரிப்பவர் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். ஜாவாவை ஓட்டுவதற்கு மட்டுமான ஜேஆர்இ போதுமா, எழுதிய நிரலை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரும் சேர்ந்து வரும் முழு ஜேடிகே வேண்டுமா, அல்லது கம்பைல் செய்யும் வேலையைச் சர்வருக்கு வெளியிலேயே முடித்துக்கொண்டு வந்துவிடலாமா? பெரும்பாலானோர் இதை யோசிப்பதில்லை. இணையத்தில் முதலில் கிடைக்கும் வழிகாட்டி சொன்னதை அப்படியே நிறுவிவிடுகிறார்கள். பின்னால் வரும் தொல்லைகளில் கணிசமானவை அந்த நேரத்தில் எடுக்காமல் விட்ட முடிவிலிருந்தே வருகின்றன.

ஒப்பீடு அந்தரத்தில் நிற்கக் கூடாது என்பதால் ஒரு சூழலை மனத்தில் வைத்துக்கொள்வோம். நகரத்தாரிடையே திருமணமான தம்பதி ஒரு புள்ளி; ஊர்க் கோயிலில் புள்ளியாகப் பதிந்து வரி செலுத்துவது வழக்கம். அந்தப் பதிவேட்டைக் கணினியில் வைத்திருக்கும் ஓர் ஊர்க் கோயில் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இருப்பது ஒரே ஒரு சிறிய கணினி. நான்கு ஜிபி நினைவகம், பக்கத்தில் ஒரு யூபிஎஸ். அன்றாடம் அதைப் பயன்படுத்துபவர் கணக்கப்பிள்ளை; சர்வரின் உள்விவரம் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பதிவேட்டைத் திறந்து பார்ப்பவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். ஏதாவது பழுதானால் சரிசெய்பவர் காரைக்குடியிலிருந்தோ அதற்கும் தொலைவிலிருந்தோதான் வர வேண்டும். இந்தக் கடைசி விவரம்தான் என் முடிவை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானித்தது.

கம்பைலர் ஏன் சர்வருக்குத் தேவைப்படுகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஜேஎஸ்பி பக்கம் பார்வைக்கு எச்டிஎம்எல் போலத் தெரிந்தாலும் சர்வர் அதை அப்படியே அனுப்புவதில்லை. டாம்கேட்டுக்குள் இருக்கும் ஜாஸ்பர் என்ற பகுதி, யாராவது அந்தப் பக்கத்தை முதன்முதலாகக் கேட்கும்போது, அதை ஒரு செர்வ்லெட்டுக்கான (அதாவது, வரும் கோரிக்கைக்குப் பக்கத்தை உருவாக்கித் தரும் கிளாஸுக்கான) ஜாவா நிரலாக மாற்றி எழுதுகிறது; அந்த நிரல் கம்பைல் ஆகிக் கிளாஸ் கோப்பாக வேண்டும்; அதற்குப் பிறகே பக்கம் ஓடும். மாற்றி எழுதும் வேலை ஜாஸ்பருடையது. கம்பைல் செய்யும் வேலையை ஜாஸ்பர் தானே செய்வதில்லை. வேறொரு கம்பைலரிடம் ஒப்படைக்கிறது. உருவாகும் இரண்டு கோப்புகளும் டாம்கேட்டின் வொர்க் என்ற அடைவில் தங்கும். அவை அங்கே இருக்கும்வரை சர்வரை நிறுத்தி மீண்டும் ஓட்டினாலும் மறுபடி கம்பைல் ஆகாது. ஜேஎஸ்பி கோப்பு மாறினாலோ, அந்த அடைவைத் துடைத்தாலோ மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

அந்த வேறொரு கம்பைலர் எது என்பதற்கு முதல் விடை, அதாவது முதல் வழி, ஜேடிகேயுடன் வரும் கம்பைலரான ஜாவாசி. 1999இல் ஜேஎஸ்பி வந்த காலம் முதல் டாம்கேட் 5.0 வரை, ஜேடிகேயில் டூல்ஸ்.ஜார் என்ற கோப்புக்குள் இருந்த ஜாவாசியைத்தான் டாம்கேட் நம்பியிருந்தது. ஜேஆர்இயில் அந்தக் கோப்பு கிடையாது. அதனால் சர்வர் சரியாகத் தொடங்கும், எச்டிஎம்எல் பக்கங்களும் படங்களும் வரும், முன்பே கம்பைல் ஆன செர்வ்லெட்டுகளும் ஓடும்; ஆனால் ஜேஎஸ்பி பக்கத்தைத் தொட்டவுடன் ஜாவா கம்பைலரைக் காணவில்லை, ஜாவாஹோம் (ஜாவா இருக்கும் இடத்தைக் குறிக்கும் அமைப்பு) ஜேடிகேயைச் சுட்டவில்லைபோலும் என்ற பிழைச்செய்தி வந்து நிற்கும். நிறுவியவர் எல்லாம் ஓடுகிறது என்று நினைத்துப் புறப்பட்டுவிட, பிறகே சிக்கல் தெரிய வரும் அமைப்பு அது. டாம்கேட் 4.1இலும் 5.0இலும் ஜாவாசியை, செயலிகளைக் கட்டுவதற்கான ஆன்ட் என்ற கருவியின் வழியாக அழைத்தார்கள். ஃபோர்க் என்ற அமைப்பை இயக்கினால் ஒவ்வொரு கம்பைலுக்கும் ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் எந்திரம் தனியாக ஒன்று கிளம்பும். குறைந்த நினைவகமுள்ள கணினியில் அது பெரும் பாரம். ஐபிஎம் வெளியிட்ட ஜைக்ஸ் என்ற வேகமான கம்பைலரை அக்காலத்தில் சிலர் மாற்றாக இணைத்துக்கொண்டார்கள். ஜாவா மொழி வளர்ந்த வேகத்தோடு அது வளராததால் இன்று அது ஒரு வழியே அல்ல.

2004இல் வந்த டாம்கேட் 5.5 இந்த நிலையை மாற்றியது. எக்லிப்ஸ் திட்டத்தின் கம்பைலரான ஈசிஜேயை டாம்கேட் தன்னுடனேயே சேர்த்து வெளியிட்டது. அது கிளாஸ்களை ஒன்றாகக் கட்டிவைத்த ஒரே ஒரு ஜார் கோப்பு; டாம்கேட்டின் லிப் அடைவில் சுமார் 3 மெகாபைட் இடம் பிடிக்கிறது. ஜாவாவிலேயே எழுதப்பட்டிருப்பதால் ஜேஆர்இ மட்டும் இருந்தாலும் ஓடுகிறது. தனி எந்திரம் எதையும் கிளப்பாமல் டாம்கேட் ஓடும் அதே எந்திரத்துக்குள் வேலையை முடிக்கிறது; தேவையான கிளாஸ்களை டாம்கேட்டின் கிளாஸ்லோடரிடமே நேராகக் கேட்டுப் பெறுகிறது. ஜெட்டி சர்வரும் இன்று ஜேஎஸ்பிக்கு இதே ஜாஸ்பரையும் ஈசிஜேயையும் எடுத்துக்கொள்கிறது. எனவே இன்றைக்கு டாம்கேட் 9, 10.1, 11 இவற்றில் எதை நிறுவினாலும் ஜேஎஸ்பிக்காக ஜேடிகே தேவை என்று சொல்வது பழைய செய்தி.

அப்படியானால் ஜேடிகேயை நிறுவுவதற்குக் காரணமே இல்லையா என்றால், இருக்கிறது. அந்தக் காரணம் கம்பைலர் அல்ல. சர்வர் தொங்கிப்போகும்போது எந்த இழை எங்கே நிற்கிறது என்று பார்க்கவும், நினைவகம் எதனால் நிரம்புகிறது என்று அறியவும் உதவும் ஜேஸ்டாக், ஜேமேப், ஜேசிஎம்டி போன்ற கருவிகள் ஜேடிகேயில்தான் வருகின்றன. தொலைவிலிருந்து உள்நுழைந்து பழுது பார்ப்பவருக்கு இவை பெரிய உதவி. 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9இல் டூல்ஸ்.ஜார் என்ற கோப்பே நீக்கப்பட்டு ஜாவாசி ஒரு தனி மாட்யூலாகிவிட்டது. ஆகவே பழைய குறிப்புகளைப் பார்த்து அந்தக் கோப்பைத் தேடி நகலெடுக்கும் வேலை இப்போது பொருளற்றது. 2018இல் ஜாவா 11 முதல் ஆரக்கிள் ஜேஆர்இயைத் தனியாக வெளியிடுவதையும் நிறுத்திவிட்டது. ஆனால் டெமுரின் என்ற இலவச ஜாவாவின் வெளியீடுகளிலும், உபுண்டு, டெபியன் லினக்ஸ் தொகுப்புகளிலும் ஜேஆர்இ இன்றும் தனியாகக் கிடைக்கிறது. திரையில்லாத சர்வருக்கு அதன் ஹெட்லெஸ் வகையே போதும்.

ஜேஆர்இயும் டாம்கேட்டுடன் வரும் ஈசிஜேயும் என்ற இரண்டாம் வழி, எதையும் கூடுதலாகச் செய்யாமலே கிடைப்பது. அதன் பெரிய நன்மை, ஒரு பக்கத்தில் எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டுமானால் சர்வரிலேயே அந்த ஜேஎஸ்பி கோப்பைத் திருத்திச் சேமித்தால் போதும். அடுத்த முறை திறக்கும்போது மாற்றம் தெரியும். ஆனால் இந்த வழியில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். அவற்றுள் முதலிரண்டும் கையாளக்கூடியவை.

ஒன்று, ஈசிஜேயின் பதிப்பும் ஜாவாவின் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும் என்பது. 2014 மார்ச்சில் ஜாவா 8 வந்தபோது, பழைய டாம்கேட் 6, 7 பதிப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு ஜாவாவை மட்டும் உயர்த்தியவர்களுக்கு ஜேஎஸ்பி பக்கங்கள் திறக்கவில்லை. ஜாவாவின் சொந்த நூலகத்தில் இருக்கும் மேப் என்ட்ரி என்ற வகையையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று பிழைச்செய்தி வந்தது. புதிய ஜாவாவின் கிளாஸ் கோப்புகளைப் படிக்க அந்தப் பழைய ஈசிஜேக்குத் தெரியவில்லை என்பதே காரணம். ஆகவே ஜாவாவை உயர்த்தும்போது டாம்கேட்டையும் சேர்த்து உயர்த்த வேண்டும். இரண்டு, பக்கத்துக்குள் எழுதப்பட்ட ஜாவா எந்தப் பதிப்பின் இலக்கணப்படி கம்பைல் ஆகிறது என்பது. ஜேஎஸ்பி செர்வ்லெட்டுக்கான அமைப்புகளில் இதற்கென ஓர் அளவுரு உண்டு. டாம்கேட் 9இல் அதன் இயல்பு மதிப்பு 1.8, 10.1இல் 11, 11இல் 17. கணினியில் ஜாவா 17 இருக்கிறது என்று நம்பி டாம்கேட் 9இன் பக்கம் ஒன்றில் புதிய இலக்கணத்தை எழுதினால் அது கம்பைல் ஆகாது. அளவுருவையும் மாற்ற வேண்டும்.

மூன்றாவதுதான் என்னை இந்த வழியிலிருந்து விலகச் செய்தது. ஈசிஜே எவ்வளவு நல்ல கம்பைலராக இருந்தாலும், ஒரு பக்கத்தில் உள்ள பிழை அந்தப் பக்கத்தை யாராவது திறக்கும்போதுதான் வெளியே வரும். கோயில் செயலியில் தினமும் திறக்கும் பக்கங்கள் சிலவே. தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து செல்வோர் காவடி பதியும் பக்கம் போன்றவை ஆண்டுக்கு ஒருமுறைதான் திறக்கப்படும். இடையில் ஒரு நூலகத்தின் பெயரை மாற்றியிருக்கலாம். ஒரு கிளாஸிலிருந்து ஒரு மெத்தடை நீக்கியிருக்கலாம். அன்றாடப் பக்கங்கள் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். மார்கழிக் கடைசியில் பதிவு தொடங்கும் காலையில், காவடி எடுப்பவர்கள் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளையின் திரையில் இந்த ஜேஎஸ்பிக்கான கிளாஸைக் கம்பைல் செய்ய முடியவில்லை என்ற ஆங்கில வரி வரும். அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? பயன்படுத்துபவர் முன்னால் கம்பைல் பிழை வர வாய்ப்பிருக்கிறது என்ற ஒன்றே, ஆளில்லா சர்வருக்கு இந்த வழி பொருந்தாது என்று சொல்லப் போதுமானது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் வழி, எல்லா ஜேஎஸ்பி பக்கங்களையும் முன்கூட்டியே கம்பைல் செய்து கிளாஸ் கோப்புகளாகவே சர்வருக்குக் கொண்டுசெல்வது. ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வார்த்து, நீரில் ஊறிப் பதமாகி, முழுக் கல்லாகவே வீட்டுக்கு வருகிறது; பதிக்கும் இடத்தில் அச்சும் கண்ணாடியும் தேவையில்லை, கோணிய கல் பட்டறையிலேயே கழிக்கப்பட்டுவிடும். முன்கம்பைல் செய்யும் முறையும் இத்தகையதே. ஜாஸ்பரில் ஜேஎஸ்பிசி என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. அதை ஆன்ட் வழியாக அழைத்தால், செயலியின் அடைவில் உள்ள ஒவ்வொரு ஜேஎஸ்பியையும் ஜாவா நிரலாக்கி, எந்த முகவரிக்கு எந்த செர்வ்லெட் என்ற இணைப்புப் பட்டியலையும் எழுதித் தரும். அந்தப் பட்டியலைச் செயலியின் அமைப்புகளை வைத்திருக்கும் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் சேர்க்க வேண்டும். பிறகு நம் மேசையில் உள்ள ஜேடிகேயின் ஜாவாசியால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கம்பைல் செய்துவிடலாம். ஆன்ட்டுக்குப் பதில் மேவன் என்ற கட்டும் கருவியைப் பயன்படுத்துவோருக்கு இதே வேலையைச் செய்யும் செருகுநிரலை ஜெட்டி திட்டம் வெளியிடுகிறது.

இதன் பயன் உடனே தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் பக்கத்தில் பிழை இருந்தால் செயலியைக் கட்டும்போதே, நம் மேசையிலேயே அது பிடிபட்டுவிடும். பிழையோடு எதுவும் ஊருக்குப் போகாது. முதலில் திறப்பவர் காத்திருக்க வேண்டியதில்லை. கணினியின் நினைவகமும் கம்பைலுக்காகச் செலவாகாது. மிக நீளமான பக்கங்களில் மட்டும் வரும் இன்னொரு பிழையும் இங்கேயே தெரிந்துவிடும்: ஜாவாவில் ஒரு மெத்தடின் கம்பைல் ஆன வடிவம் 65,535 பைட்டைத் தாண்டக் கூடாது, ஜேஎஸ்பியின் முழு உள்ளடக்கமும் ஒரே மெத்தடுக்குள் போவதால், வேறு கோப்புகளை உள்ளே சேர்க்கும் நிலையான இன்க்ளூட் கட்டளைகளால் வீங்கிய பக்கங்கள் அந்த எல்லையில் முட்டிக்கொள்ளும்.

முன்கம்பைலுக்கு விலை இல்லாமல் இல்லை. ஒரு வரியைத் திருத்தவும் செயலியை மீண்டும் கட்டிக் கொண்டுசெல்ல வேண்டும். கோயில் அலுவலகத்தில் அடிக்கடி மாறுவது அறிவிப்பு வாசகங்களும் வரித் தொகையும்தான். அவற்றைப் பக்கத்திலிருந்து எடுத்துத் தரவுத்தளத்தில் வைத்துவிட்டால் இந்தக் குறை பெருமளவு தீரும், கணக்கப்பிள்ளையே மாற்றிக்கொள்ளவும் முடியும். அடுத்து, முன்கம்பைல் ஆன கிளாஸ்கள் ஜாஸ்பரின் ஓட்டநேரப் பகுதியைச் சார்ந்தவை. அதனால் எந்த டாம்கேட்டில் ஓடப்போகிறதோ அதே பதிப்பின் ஜேஎஸ்பிசியால் அவற்றை உருவாக்குவதே முறை. சிறிய திருத்தப் பதிப்புகளில் பெரும்பாலும் சிக்கல் வராது என்றாலும், டாம்கேட்டை உயர்த்தும்போதெல்லாம் மறுபடி கட்டிவிடுவது நல்லது. டாம்கேட் 9இலிருந்து 10க்குப் போகும்போது ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய செர்வ்லெட் தொகுப்புப் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டதால், அங்கே பழைய நிரல் அப்படியே ஓடாது.

பாதுகாப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் புள்ளிப் பதிவேட்டில் இருப்பவை குடும்பங்களின் பெயர்களும் முகவரிகளும். சர்வரில் கம்பைலர் இருக்கிறது என்றால், எப்படியோ ஒரு ஜேஎஸ்பி கோப்பை உள்ளே வைத்துவிடும் அந்நியருக்கு அதை ஓட்டித்தரும் வசதியும் அங்கே தயாராக இருக்கிறது என்று பொருள். 2017இல் அறிவிக்கப்பட்ட, சிவிஇ-2017-12617 என்ற எண்ணுள்ள பாதுகாப்புக் குறை இத்தகையது: கோப்பு எழுதும் அனுமதியைத் திறந்துவைத்திருந்த டாம்கேட் சர்வர்களில், வெளியிலிருந்து ஒரு ஜேஎஸ்பியை ஏற்றி இயக்கிவிட முடிந்தது. 2024 டிசம்பரில் வந்த சிவிஇ-2024-50379 இன்னும் நேரடியாக நம் பொருளைத் தொடுகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத கோப்பு அமைப்பில், எழுதும் அனுமதியும் திறந்திருந்தால், ஜேஎஸ்பி கம்பைல் ஆகும் தருணத்தின் இடைவெளியைப் பயன்படுத்தி அந்நிய நிரலை ஓட்ட முடிந்தது. விண்டோஸ் அத்தகைய கோப்பு அமைப்புடையது. இரண்டிலும் எழுதும் அனுமதி இயல்பாக மூடியே இருக்கும், திருத்தப் பதிப்புகளும் வந்துவிட்டன. ஆயினும் தேவையில்லாத ஒரு கதவை எதற்காகத் திறந்துவைக்க வேண்டும்?

ஆனால் முன்கம்பைல் செய்ததாலேயே அந்தக் கதவு மூடிவிடாது. ஈசிஜே லிப் அடைவில் இருக்கும்வரை புதிதாக வந்து சேரும் எந்த ஜேஎஸ்பியும் கம்பைல் ஆகும். அந்த ஒரு ஜார் கோப்பை நீக்கிவிட்டால், ஜாவா கம்பைலர் எதுவும் இல்லை என்று ஜாஸ்பர் மறுத்துவிடும். ஜாஸ்பரின் சொந்த ஜார் கோப்பை நீக்கக் கூடாது. முன்கம்பைல் ஆன பக்கங்கள் ஓட அது தேவை. அதுபோலவே, பொதுவான வெப்.எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து ஜேஎஸ்பி செர்வ்லெட்டின் இணைப்பை நீக்கி வேலையை முடிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இணைப்பு இல்லாத ஜேஎஸ்பி கோப்பு அடைவில் கிடந்தால், சர்வர் அதைச் சாதாரணக் கோப்பாக எண்ணி மூல நிரலையே கேட்பவருக்கு அனுப்பிவிடும். ஆகவே மூல ஜேஎஸ்பி கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பாமல் இருப்பதே சரி. டாம்கேட்டுடன் வரும் மேலாளர் செயலியிலும் சில பக்கங்கள் ஜேஎஸ்பியாகவே இருக்கின்றன. ஈசிஜேயை எடுத்தபின் அவை திறக்காது. கோயில் அலுவலக சர்வரில் அந்தச் செயலியை நிறுவாமல் இருப்பதே மேல் என்பதால் இதை நான் இழப்பாகக் கருதவில்லை.

ஜேஎஸ்பியையே கைவிட்டு தைம்லீஃப், ஃப்ரீமார்க்கர் போன்ற வார்ப்புருக் கருவிகளுக்கு மாறுவது நான்காம் வழி. அவற்றுக்குக் கம்பைலர் தேவையில்லை. வார்ப்புருவை ஓட்டநேரத்தில் படித்து நிரப்புகின்றன. புதிதாக ஒரு செயலியைத் தொடங்குவோருக்கு இதையே பரிந்துரைப்பேன். ஓடிக்கொண்டிருக்கும் பழைய செயலிக்கு, எல்லாப் பக்கங்களையும் திரும்ப எழுதுவது அலுவலகத்தின் பணத்தையும் பராமரிப்பவரின் மாதங்களையும் விழுங்கும். வார்ப்புருவில் உள்ள பிழையும் திறக்கும்போதுதான் தெரியும் என்பதால், காவடிப் பதிவுப் பக்கத்தின் சிக்கல் அங்கேயும் தீராது.

எனவே அந்த ஊர்க் கோயில் அலுவலகத்துக்கு நான் தேர்வது முன்கம்பைல் வழிதான்: பராமரிப்பவரின் மேசையில் முழு ஜேடிகே, அலுவலகக் கணினியில் ஹெட்லெஸ் ஜேஆர்இ, லிப் அடைவில் ஈசிஜே இல்லாத டாம்கேட். சர்வரைத் தொலைவிலிருந்து அடிக்கடி ஆராய வேண்டியிருக்கும் என்று நினைப்பவர் அங்கேயும் ஜேடிகேயை நிறுவிக்கொள்ளலாம். ஆன்ட்டின் ஜார் கோப்புகள் லிப் அடைவில் இல்லாதவரை ஜாஸ்பர் அதிலுள்ள ஜாவாசியைத் தேடிப்போகாது. ஈசிஜேயை அப்படியே வைத்திருக்க நான் ஒப்புக்கொள்வது ஒரு நிலையில் மட்டும்: செயலியை எழுதியவரே அருகில் உட்கார்ந்து தினமும் பக்கங்களைத் திருத்தும் இடத்தில், அதாவது கடையின் உள்வலையில் மட்டும் ஓடும் இருப்புக் கணக்கு போன்றவற்றில். அங்கேயும் திருத்தும் வேலை முடிந்தபின் டெவலப்மென்ட் என்ற அளவுருவை நிறுத்திவிட வேண்டும். இயல்பாக அது இயங்கும் நிலையில்தான் வரும், பக்கம் மாறியிருக்கிறதா என்று சர்வர் மறுபடி மறுபடி சரிபார்த்துக்கொண்டே இருக்கும்.

செயலியைக் கொண்டுபோய் வைத்தபின், ஈசிஜேயை நீக்குவதற்கு முன்பாக, வொர்க் அடைவைத் துடைத்துவிட்டுச் சர்வரை ஓட்டி, ஆண்டுக்கு ஒருமுறை திறப்பவை உட்பட எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். அந்த அடைவில் ஏதாவது ஒரு ஜாவா கோப்பு புதிதாக முளைத்திருந்தால், முன்கம்பைல் பட்டியலில் விடுபட்ட ஒரு ஜேஎஸ்பி சர்வருக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். எந்தப் பக்கம் என்பதை அந்தக் கோப்பின் பெயரே காட்டிவிடும். அதைப் பட்டியலில் சேர்த்து மறுபடி கட்டியபின் ஈசிஜேயை எடுத்துவிடலாம்.